சிறுவர் அலமாரியில் இடம்பெறாத வீடுகள்

பொது நூலகங்களுக்கு நூல்களைத் தேர்ந்தெடுத்து வாங்கும் அலுவலகத்தின் தலைமைப் பொறுப்பில் இருக்கும் பெருமதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,



தங்கள் பொறுப்பில் உள்ள நூலகங்களின் சிறுவர் பகுதிகளில் ஒரு வகை நூலுக்குப் பெரும் பஞ்சம் இருக்கிறது. தாயும் தந்தையும் பிரிந்துவிட்ட வீட்டுக் குழந்தை, அல்லது பிரியாமலே அவர்கள் நாள்தோறும் சண்டையிடும் வீட்டுக் குழந்தை, கையில் எடுத்துப் படித்துவிட்டு 'இது எங்க வீடு மாதிரியே இருக்கே' என்று சொல்லக்கூடிய தமிழ்க் கதைநூல்தான் அது. ஓரிரு கதைகளில் அப்படியொரு குழந்தை வந்து போகலாம். அந்தக் குழந்தையின் கேள்விகளையே நடுவில் வைத்து எழுதிய நூல்கள், நான் பார்த்த கிளை நூலகங்களில் ஒரு தட்டை நிரப்பும் அளவுக்குக்கூட இல்லை. அவற்றை எழுதச் செய்யவும், பிற மொழிகளிலிருந்து கொண்டுவரவும், வாங்கி ஊர்ப்புற நூலகம் வரை சேர்க்கவும் தங்கள் அலுவலகத்தால் முடியும். அதைக் கேட்கத்தான் இம்மடல். இதே குறையை உணர்ந்த ஆசிரியர்களும் பெற்றோரும் நூலகர்களும் பலர் உண்டு என்பதால், அவர்களும் படிக்கும்படி வெளிப்படையாக எழுதுகிறேன்.

நம் சிறுவர் கதைகளில் வரும் வீடு பெரும்பாலும் ஒரே வீடுதான். அப்பா வேலைக்குப் போய் மாலையில் பலகாரப் பொட்டலத்தோடு திரும்புவார். அம்மா தலைவாரிவிடுவார். விடுமுறைக்குத் தாத்தா ஊருக்கு எல்லாரும் சேர்ந்து போவார்கள். இப்படிப்பட்ட வீடுகள் உண்டு, அவற்றைப் பற்றிய கதைகளும் வேண்டும். ஆனால் அந்தக் கதையைப் படிக்கும் நாற்பது பிள்ளைகளில் சிலர், அம்மாவோடு அம்மாச்சி வீட்டுக்கு வந்து, பாதி ஆண்டில் டி.சி. வாங்கிப் புதுப் பள்ளியில் சேர்ந்தவர்கள். சிலர் சனிக்கிழமை மட்டும் அப்பாவைப் பார்ப்பவர்கள். சிலர் இரவில் கதவு தட்டப்படும் ஓசையை வைத்தே அன்றைக்கு அப்பா குடித்திருக்கிறாரா இல்லையா என்று சொல்லிவிடுபவர்கள். 'என் குடும்பம்' என்று படம் வரையச் சொல்லும்போது இவர்கள் பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்த்து வரைகிறார்கள். சிறுவர் நூலும் இவர்களுக்கு அதே தாளைத்தான் திரும்பக் காட்டுகிறது.

சட்டம் இந்தக் குழந்தைகளை அறிந்திருக்கிறது. விவரம் தெரிந்த வயதுக் குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமே சொல்லியிருக்கிறது. குழந்தையின் நலனே தலையாயது என்றும், 5 வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் 1956-இல் இந்துக்களுக்கான சட்டம் வகுத்தது. 1984-இல் குடும்ப நீதிமன்றங்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. ஆலோசகர்களை அமர்த்தவும் அதில் வழி செய்தார்கள். இந்தியச் சட்ட ஆணையம் 2015-இல் தன் 257-ஆவது அறிக்கையில், பிரிந்த பெற்றோர் இருவரும் குழந்தையின் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் முறையைப் பரிந்துரைத்தது. இவ்வளவும் குழந்தையைப் பற்றிப் பெரியவர்கள் பெரியவர்களுக்கு எழுதியவை.

குழந்தைக்கு யார் எதைச் சொன்னார்கள்? இருவரும் சம்மதித்துப் பிரிவதாக மனுக் கொடுத்துவிட்டு 6 மாதம் காத்திருக்கும் தம்பதி, அந்த 6 மாதமும் 'அப்பா வேலையா வெளியூர் போயிருக்கார்' என்று சொல்லி நாளைக் கடத்துகிறார்கள். பொய் சொல்லும் எண்ணத்தால் அல்ல. என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வாய்தா நாளில், 'ஜட்ஜ் ஐயா கேட்டா யாரோட இருப்பேன்னு சொல்லணும், ஞாபகம் இருக்கா?' என்று பேருந்தில் வழியெல்லாம் சொல்லிக் கொடுத்துக் கூட்டி வருகிறார்கள். தனக்காகவே எழுதப்பட்ட ஒரு பக்கத்தையாவது அதுவரை அந்தக் குழந்தை படித்திருக்காது.

நீதிமன்றத்துக்கு வருவோரும் ஒரு பகுதியினரே. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசித் தீர்த்துவிட்ட மணங்கள் நம் ஊர்களில் நெடுங்காலமாக உண்டு. வழக்கப்படி நடக்கும் மணமுறிவை 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் காப்பாற்றியே வைத்திருக்கிறது. எந்தத் தாளிலும் கையொப்பமிடாமல், பத்து ஆண்டாகத் தனித்தனியே வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஊர் பேசுமே என்று அஞ்சி ஒரே கூரையின் கீழ் பேச்சற்று வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். மணமுறிவு வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்த வழக்கம், அதற்குக் குழந்தைநூல் எழுதுவது அந்த வழக்கத்தை வளர்க்கும் என்ற எண்ணம் தங்கள் தேர்வுக் குழுவில் எவருக்கேனும் இருந்தால், இதையும் கருதிப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.

பெற்றோர் பிரிந்த வீட்டுச் சிறு குழந்தைகளிடம் இரண்டு எண்ணங்கள் மீண்டும் மீண்டும் காணப்படுகின்றன. குழந்தைகளோடு பழகும் உளவியலாளர்களும் ஆலோசகர்களும் நெடுங்காலமாகச் சொல்லி வருவது இது. முதல் எண்ணம்: 'என்னால்தான் சண்டை வந்தது.' குழந்தை மதிப்பெண் குறைவாக வாங்கிய அன்றைக்குச் சண்டை நடந்திருக்கும். செருப்பைத் தொலைத்ததை வைத்துப் பேச்சு தொடங்கியிருக்கும். பெரியவர்கள் அதை மறந்துவிடுவார்கள். குழந்தை அந்தச் செருப்பையே ஆண்டுக்கணக்கில் நினைத்துக்கொண்டிருக்கும். இரண்டாவது எண்ணம்: 'நான் முயன்றால் சேர்த்துவைத்துவிடலாம்.' நூலக வாசிப்பு வட்டமொன்றில் கதை முடிந்த பிறகு ஒரு சிறுமி அருகில் வந்து கேட்டாள்: "நான் ஃபர்ஸ்ட் ரேங்க் எடுத்தா அப்பா வந்துடுவாருல்ல?" அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் புத்தகம் எதுவும் அவளுக்கு எடுத்துக் கொடுக்க அந்த நூலகத்தில் இருக்கவில்லை. அவளுக்கு நாம் ஏற்கெனவே கொடுத்திருந்த கதை, அவள் நம்பிக்கையை இன்னும் இறுக்கும் கதை.

அதைச் சற்று விளக்க வேண்டும். ஜெர்மன் எழுத்தாளர் எரிக் கேஸ்ட்னர் 1949-இல் ஒரு சிறுவர் நாவல் வெளியிட்டார். பெற்றோர் பிரிந்தபோது ஆளுக்கொருவராகப் பிரிக்கப்பட்ட இரட்டைச் சிறுமிகள் ஒரு கோடை முகாமில் தற்செயலாகச் சந்தித்து, இடம் மாறிப் போய், தாய் தந்தையை மீண்டும் சேர்த்துவைக்கும் கதை. மணமுறிவைக் குழந்தைகளிடம் நேராகப் பேசிய முன்னோடி நூல்களில் ஒன்று அது. 1961-இல் டிஸ்னி நிறுவனம் அதைப் படமாக்கியது. 1965-இல் தமிழிலும் அந்தக் கதை 'குழந்தையும் தெய்வமும்' என்ற படமாக வந்தது, ஏவி.எம். தயாரிப்பில் கிருஷ்ணன்–பஞ்சு இயக்க, குட்டி பத்மினி இரு வேடங்களில் நடித்தார். மூன்று தலைமுறைத் தமிழர் அந்தப் படத்தைப் பார்த்துக் கண் கலங்கியிருக்கிறார்கள். அதன் அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பிரிந்த பெற்றோரின் குழந்தைக்கு நம் மொழியில் பரவலாகக் கிடைத்த கதை அதுதான் என்றால், அது குழந்தையின் தோளில் எவ்வளவு பெரிய வேலையை வைக்கிறது! சேர்த்துவைப்பது குழந்தையின் கடமை. சேரவில்லை என்றால் குழந்தை போதிய அளவு முயலவில்லை. அந்தச் சிறுமியின் கேள்வி அங்கிருந்து வெகுதூரத்தில் இல்லை.

கேஸ்ட்னரின் நூலிலேயே படத்தில் இடம்பெறாத ஒரு பகுதி உண்டு. கதையை நடுவில் நிறுத்திவிட்டு, இதெல்லாம் குழந்தைகளுக்குச் சொல்லும் விஷயமா என்று கேட்கும் பெரியவர்களுக்கு அவர் பதில் சொல்கிறார். பெற்றோர் பிரிந்ததால் துன்புறும் குழந்தைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், பெற்றோர் பிரியாததால் துன்புறும் குழந்தைகளும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது சரியல்ல என்பது அவர் வாதத்தின் சாரம். போர் முடிந்து நான்கே ஆண்டுகளில் எழுதியது. கதையின் முடிவு இங்கே வந்து சேர்ந்துவிட்டது. இந்த நேர்மை மட்டும் வரவில்லை.

அதற்குப் பிறகு மற்ற மொழிகளின் சிறுவர் இலக்கியம் வெகுதூரம் நடந்துவிட்டது. அமெரிக்க எழுத்தாளர் பெவர்லி கிளியரியின் 'டியர் மிஸ்டர் ஹென்ஷா' 1984-இல் நியூபெரி பதக்கம் பெற்றது. லீ என்ற சிறுவன் தனக்குப் பிடித்த எழுத்தாளருக்கு எழுதும் கடிதங்களும் நாட்குறிப்பும்தான் நூல். அவன் அப்பா லாரி ஓட்டுநர். தொலைபேசியில் கூப்பிடுவதாகச் சொல்வார், கூப்பிட மாட்டார். கடைசியில் அவர் வந்து நிற்கும்போதும் அம்மா மனம் மாறுவதில்லை. பையன் அதைத் தாங்கிக்கொள்கிறான். எங்கும் யாரையும் கெட்டவராக்காமல் முடிகிறது நூல். பிரிட்டனின் ஜாக்குலின் வில்சன் 1992-இல் எழுதிய 'தி சூட்கேஸ் கிட்' நாவலில் ஆன்ட்ரியா ஒரு வாரம் அம்மா வீட்டிலும் மறு வாரம் அப்பா வீட்டிலுமாக வாழ்கிறாள். இரண்டு வீட்டிலும் வேறு பிள்ளைகள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். தனக்கென்று ஒரு மூலைகூட இல்லை. சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் சின்ன முயல் பொம்மை ஒன்றுதான் அவளோடு இரு வீட்டுக்கும் வருகிறது. பெற்றோர் சேரவே போவதில்லை என்று அவள் மெல்ல ஏற்றுக்கொள்வதுதான் கதை. இன்னும் சிறிய குழந்தைகளுக்கு, லாரீன் கிராஸ்னி பிரவுனும் மார்க் பிரவுனும் டைனோசர் குடும்பத்தை வைத்து 1986-இலேயே ஒரு படநூல் செய்தார்கள். பிரிவு என்றால் என்ன, இரண்டு வீட்டில் இருப்பது எப்படி, பண்டிகை யார் வீட்டில் என்பன போன்ற நேரடியான கேள்விகளுக்கு அதில் படங்களோடு விடை இருக்கிறது. டைனோசர் என்பதால் குழந்தை சிரித்துக்கொண்டே பார்க்கிறது. தன் வீட்டைப் பற்றித்தான் படிக்கிறோம் என்பதும் அதற்குத் தெரிகிறது.

இவை எல்லாவற்றிலும் என்னை அதிகம் பாதித்தது நார்வே நாட்டின் ஒரு படநூல். குரூ டாலே எழுதி ஸ்வைன் நீஹூஸ் ஓவியம் வரைந்து 2003-இல் வந்தது. தலைப்பைத் தமிழில் 'கோபக்காரன்' என்று சொல்லலாம். பாய் என்ற சிறுவனின் வீட்டில் அப்பாவுக்குள்ளிருந்து கோபக்காரன் எழுந்து வருகிறான். வீடு அதிர்கிறது. பையன் மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிறான். தான் எதையாவது தவறாகச் செய்துவிட்டோமா என்று தேடுகிறான். யாரிடமும் சொல்ல முடியவில்லை. கடைசியில் அரசருக்குக் கடிதம் எழுதுகிறான். அரசர் வருகிறார். இது உன் தவறல்ல என்று அவனிடம் சொல்கிறார். அப்பாவைத் திருந்துவதற்காகத் தன்னோடு அழைத்துப் போகிறார். அடிக்கும் அப்பாவைப் பற்றி ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு எழுத முடியுமா என்ற ஐயத்தோடு அதைக் கையில் எடுப்பவர்கள், முடியும் என்ற உறுதியோடு கீழே வைப்பார்கள். அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் அந்தக் குழந்தையின் கடிதத்துக்குப் பதில் சொல்கிறார் என்பதற்காகவும் அந்த நூலைத் தங்களிடம் குறிப்பிடுகிறேன்.

இவற்றின் உரிமை பெற்றுத் தமிழாக்குவது ஒரு பாதி வேலை. சென்னையில் 2023 முதல் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியை அரசே நடத்தி, உரிமைப் பரிமாற்றத்துக்கு மேசை போட்டுக் கொடுக்கிறது. அந்த மேசையில் இந்த நூல்களையும் கேளுங்கள். மறு பாதி வேலை நம் ஊரிலேயே நடக்க வேண்டியது. ஆன்ட்ரியாவின் துயரம் நம் பிள்ளைக்குப் புரியும். ஆனால் ஒரு வாரம் இங்கே ஒரு வாரம் அங்கே என்ற ஏற்பாடு இங்கே அரிது. இங்கே பெரும்பாலும் குழந்தை அம்மாச்சி வீட்டின் ஒரு அறைக்கு வந்து சேர்கிறது. மாமன் மனைவி முகம் பார்த்துச் சாப்பிட வேண்டியிருக்கிறது. அம்மாவை 'வாழாவெட்டி' என்று யாரோ சொல்வது காதில் விழுகிறது. அப்பா வழித் தாத்தா பாட்டியை, அத்தையை, அத்தை மகனை ஒரே நாளில் இழந்துவிடுகிறது. அவர்களைப் பற்றிக் கேட்கவும் கூடாது. பெயருக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்தை மாற்றுவதா வைத்துக்கொள்வதா என்று பெரியவர்கள் குழந்தையின் தலைக்கு மேல் வாதிடுகிறார்கள். பொங்கலுக்கு எங்கே, குலசாமி கோயிலுக்கு யாரோடு, காதுகுத்துக்கு அப்பா வருவாரா? நம் குழந்தையின் கேள்விகள் இவை. இவற்றுக்கு ஜெர்மனியிலோ நார்வேயிலோ விடை இல்லை. நம் எழுத்தாளர்கள்தான் எழுத வேண்டும்.

எழுதுவார்களா என்ற ஐயம் வேண்டாம். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையைப் பற்றிக் குழந்தைகளோடே பேசும் நாவல். மணமுறிவைவிடப் பல மடங்கு கடினமான பொருள். அச்சமூட்டாமல், ஆபாசமாக்காமல், ஒரு மரப்பாச்சி பொம்மையின் துணையோடு அதைச் சொல்லி முடித்தார். 2020-இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது அதற்குக் கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றி விஷ்ணுபுரம் சரவணன் சிறுவர்களுக்கே ஒரு சிறு நூல் எழுதினார். இந்தத் தலைமுறையின் தமிழ்ச் சிறுவர் எழுத்தாளர்கள் எதற்கும் அஞ்சுகிறவர்கள் அல்லர். எழுதினால் வாங்குவதற்கு ஆள் உண்டா என்பதுதான் அவர்களும் பதிப்பாளர்களும் கேட்கும் கேள்வி. பெற்றோர் கடைக்குப் போய்ப் பிரிவைப் பற்றிய நூலைத் தாமாக வாங்குவது அரிது. வாங்கும் மனநிலையில் அவர்கள் அப்போது இருப்பதில்லை. ஆகவே இந்த வகை நூலுக்குச் சந்தை என்பது ஏறக்குறைய தங்கள் அலுவலகமே.

குழந்தைகளுக்கு இது எதற்கு என்று கேட்போருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்த் திடல்களில் நல்லதங்காள் கதையை விடிய விடிய நடித்தார்கள். அண்ணன் மனைவியின் கொடுமை தாளாமல் ஒரு தாய் தன் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளும் கதை. முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்கள் குழந்தைகள்தான். குடும்பச் சண்டையின் உச்சத்தைக் குழந்தைகளுக்குக் காட்ட நாம் என்றுமே தயங்கியதில்லை. தொலைக்காட்சித் தொடர்களில் இன்றும் இரவு உணவோடு காட்டிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கதைகளில் குழந்தை பலியாகிறது, அல்லது பகடையாகிறது. குழந்தைக்கு ஆறுதலும் வழியும் சொல்லும் கதையைத்தான் இன்னும் தரவில்லை.

தங்கள் அலுவலகத்தின் வலிமையைத் தங்களுக்கு நினைவூட்டுவது மரியாதைக் குறைவாகாது என்று நம்புகிறேன். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் இங்கேதான் இயற்றப்பட்டது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனின் நெடிய முயற்சி அதன் பின்னால் இருந்தது. அந்தச் சட்டத்தால்தான் இன்றும் மக்கள் சொத்து வரியோடு சேர்த்து ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறார்கள். சண்டை நடக்கும் வீடும் அந்த வரியைக் கட்டுகிறது. 4,000-க்கும் மேற்பட்ட நூலகங்கள் தங்கள் ஆணையை எதிர்பார்த்திருக்கின்றன. எந்த வாசகரும் தமக்குரிய நூல் இல்லாமல் திரும்பக் கூடாது என்ற கருத்தை 1931-இலேயே ரங்கநாதன் நூலகவியலின் விதியாக்கினார். வாசகர் என்று அவர் சொன்னதில் எட்டு வயதுப் பிள்ளையும் அடங்கும். இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 17-ஆவது பிரிவு, குழந்தை நூல்களை உருவாக்கிப் பரப்புவதை ஊக்குவிக்கும்படி அரசுகளைக் கேட்கிறது. பெற்றோரைப் பிரிந்து வாழும் குழந்தையின் உரிமையையும் அதே உடன்படிக்கை 9-ஆவது பிரிவில் பேசுகிறது. இந்த இரண்டு பிரிவுகளும் சந்திக்கும் இடத்தில் தங்கள் அலுவலகம் இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள்கள்.

அடுத்த நூல் கொள்முதல் அறிவிப்பில், சிறுவர் நூல்களுக்குள், குடும்பப் பிரிவு, வீட்டுச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் ஆகியவற்றைக் குழந்தையின் பார்வையில் பேசும் கதை நூல்களுக்கும் படநூல்களுக்கும் தனி இடம் ஒதுக்குங்கள். ஒதுக்கிய இடம் முதல் ஆண்டு நிரம்பாமல் போகலாம். இடம் இருக்கிறது என்று தெரிந்தால் மறு ஆண்டுக்குள் கையெழுத்துப் படிகள் வரும். விலையைப் பக்கக் கணக்கை வைத்தே நிர்ணயித்தால் 24 பக்க வண்ணப் படநூல் எப்போதும் தோற்றுப்போகும்; ஓவியத்துக்கும் வண்ண அச்சுக்கும் உரிய மதிப்புக் கொடுங்கள். நான்கு வயதுக் குழந்தைக்குப் படம்தான் கதை.

எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் சில நாட்கள் ஓரிடத்தில் கூட்டுங்கள். குடும்ப நீதிமன்ற ஆலோசகர்களையும், குழந்தை மனநல மருத்துவர்களையும், அரசுப் பள்ளி ஆசிரியர்களையும், இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்து பெரியவரானவர்களையும் அவர்களோடு பேச வையுங்கள். பள்ளிக் கல்வித் துறை தன் வாசிப்பு இயக்கத்துக்காக நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வகுத்துச் சிறு நூல்களை எழுத வைத்து வெளியிட்டிருக்கிறது. அரசு அலுவலகம் நினைத்தால் நல்ல குழந்தை நூல் உருவாகும் என்பதற்கு வெளியே எங்கும் சான்று தேட வேண்டியதில்லை.

தேர்வுக் குழுவுக்குச் சில அளவுகோல்களை எழுதிக் கொடுக்க வேண்டுகிறேன். இந்தப் பொருளில் மோசமான நூல் எழுதுவது மிக எளிது. கடைசிப் பக்கத்தில் பெற்றோரைச் சேர்த்துவைத்து முடிக்கும் நூலை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்தப் பிரிவில் வாங்காதீர்கள். அப்பாவையோ அம்மாவையோ அரக்கராக்கும் நூலையும் வாங்காதீர்கள். குழந்தை இருவரிலும் பாதி. 'நீ அனுசரித்துப் போ', 'அம்மாவுக்கு நீதான் ஆறுதல்' என்று குழந்தையையே பெரியவராக்கும் நூல் வேண்டாம். அறிவுரை நூல் வேண்டவே வேண்டாம். அதே வேளையில், அடி உதை நடக்கும் வீட்டைப் பொறுமையாகச் சகித்துக்கொள்ளச் சொல்லும் கதையையும் ஏற்காதீர்கள். அந்த வீட்டுக் குழந்தை நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் வாய் திறக்கலாம் என்று கதை சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட நூல்கள் எல்லாவற்றின் பின்னட்டையிலும் குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணைப் பெரிதாக அச்சிட வேண்டும் என்பதை வாங்கும் நிபந்தனையாகவே வைக்கலாம்.

நூலை எங்கே வைப்பது என்பது எழுதுவதைவிட முக்கியம். 'மணமுறிவு' என்று பலகை மாட்டிய தட்டுக்கு எந்தக் குழந்தையும் போகாது. போனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை பார்த்துவிடும். இவை மற்றக் கதைப் புத்தகங்களுக்கு நடுவே, யானைக் கதைக்கும் விண்வெளிக் கதைக்கும் பக்கத்தில், எந்த அடையாளமும் இல்லாமல் இருக்கட்டும். தலைப்பிலும் அட்டையிலும் பொருளைக் கொட்டி முழக்க வேண்டாம். குழந்தை உறுப்பினராகப் பெரியவர் கையொப்பம் வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போனால் யார் கண்ணில் படுமோ என்ற அச்சமும் இருக்கும். எனவே அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போக வசதியாக ஒவ்வொரு நூலிலும் கூடுதல் படிகள் வாங்குங்கள். நூலகர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போதும்: இந்த நூலை எடுக்கும் குழந்தையிடம் 'உங்க வீட்டில என்ன பிரச்சினை?' என்று கேட்க வேண்டாம். குழந்தை தானாகப் பேசினால் காது கொடுக்க வேண்டும். அடி, காயம் பற்றிச் சொன்னால் யாரிடம் தெரிவிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். ஊர்ப்புற நூலகர்கள் பலர் தங்கள் ஊர்ப் பிள்ளைகளை ஆசிரியர்களைவிட நெருக்கமாக அறிந்தவர்கள். அவர்களை நம்பலாம்.

இன்னொரு இடமும் உண்டு. குடும்ப நீதிமன்ற வளாகங்களில் குழந்தைகள் மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வாய்தாவுக்கு வந்த அம்மாவோடு காத்திருக்கிறார்கள். நீதிமன்றம் குறித்த நேரத்தில் அப்பாவைச் சந்திக்கவும் அங்கேதான் பல குழந்தைகள் வருகிறார்கள். பல நாள் பார்க்காத அப்பாவும் குழந்தையும் எதிரெதிரே உட்கார்ந்து என்ன பேசுவது என்று தெரியாமல், கைப்பேசியைப் பார்த்தபடி அந்த ஒரு மணி நேரத்தைத் தீர்க்கிறார்கள். அங்கே சிறுவர் நூல்கள் கொண்ட ஓர் அலமாரியைத் தங்கள் துறையின் நூல் வழங்கும் நிலையமாக அமைத்தால், அப்பா படித்துக் காட்டவும் குழந்தை கேட்கவும் ஒன்று இருக்கும். உயர் நீதிமன்றத்தின் இசைவு இதற்குத் தேவை. தங்கள் அலுவலகம் எழுதிக் கேட்டால் மறுக்கப்படும் என்று நான் நினைக்கவில்லை. சிறைவாசிகளுக்காக 'கூண்டுக்குள் வானம்' என்ற பெயரில் 2023 சென்னைப் புத்தகக் கண்காட்சியில் அரங்கு அமைத்து நூல் திரட்டிய மாநிலம் இது. எந்தக் குற்றமும் செய்யாமல் நீதிமன்றப் படியேறும் குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவாகச் செய்யக் கூடாது.

இதற்கெல்லாம் புதிய சட்டம் தேவையில்லை. தனி நிதியும் பெரிதாகத் தேவைப்படாது. ஏற்கெனவே வாங்கும் நூல்களில் ஒரு பங்கை இந்தப் பக்கம் திருப்பினால் போதும். கொள்முதல் அறிவிப்பில் ஒரு பத்தி, தேர்வுக் குழுவுக்கு ஓர் அளவுகோல், நூலகர்களுக்கு ஒரு சுற்றறிக்கை, நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம். நான்கும் தங்கள் மேசையிலிருந்தே புறப்படக் கூடியவை. அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் முதல் நூல்களாவது கிளை நூலகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இம்மடலுக்குத் தங்கள் பதிலை, ஏற்பானாலும் மறுப்பானாலும், இதே பக்கத்தில் முழுமையாக வெளியிடக் காத்திருக்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
இதழாசிரியர்